மயக்கம்தான், தூக்கம் இல்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதுவது. தாங்களும், என் மகளும், பெரியவனும், சின்னவளும், தங்கள் தாயார் சம்பந்தியம்மா அவர்களும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நினைப்பதற்கு எனக்கு நேரம் நிறைய இருப்பதால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே நினைத்துக்கொள்கிறேன். இங்கு நான் நலம். மற்றவர்கள் இந்த வரியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இந்த முறை எனக்கு அப்படிப் போக முடியாது. நான் நலம் என்பதை நிரூபிப்பதற்குத்தான் இந்த முழுக் கடிதமும்.

இதைத் தங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்புவதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். போனில் பேசலாம் என்றால், நான் 'மாப்பிள்ளை' என்று ஆரம்பிப்பதற்குள் என் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள். அவள் அழுதால் நான் சொல்ல வந்தது மறந்துபோய், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். போன வாரம் தாங்கள் மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டு தனியாக என்னைக் கூப்பிட்டீர்கள். "மாமா, என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அண்ணன் டாக்டர். அவர்கிட்ட காட்டிக் கேக்குறேன். அப்புறம் இவளை நான் பாத்துக்குறேன்" என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து வந்து, என் வீட்டைக் காலி செய்து, சாமான்களோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போகப்போவதாக அவள் சொல்லியிருக்கிறாள். சாமான்களை ஏற்றட்டும். நான் வருவதாக இல்லை. அதற்குள் இந்தக் கடிதம் அந்த டாக்டர் கைக்குப் போய், 'இது சாதாரண மயக்கம், பயப்பட ஒன்றுமில்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தப்பித்துவிடுவேன்.

என் பழைய வேலை தங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் இரவுப் பணி. மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும், அழுத்தம் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வால்வைத் திருக வேண்டும். தூங்காமல் இருப்பதைத் தவிர அதில் வேறு திறமை எதுவும் தேவையில்லை. மற்றவர்கள் சாக்கை விரித்து, முறை வைத்துக்கொண்டு கண்ணயர்வார்கள். நான் ஓய்வு பெறும் வரை ஒரு நாளும் பணியில் கண்ணை மூடியதில்லை. அதனால் அங்கே எனக்கு ஆந்தை என்று பெயர். முதுகுக்குப் பின்னால் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்த பெயரைக் கடைசி நாளில் மைக் பிடித்து மரியாதையாகச் சொன்னார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான் மாப்பிள்ளை. ஆகவே 'வேலை நேரத்தில் தூங்கினார்' என்று என்னைப் பற்றி யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும் என்பதைத் தாங்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்றுதான் இந்த மெத்தைக் கடையில் சேர்ந்தேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலாளி, மெத்தை விஷயத்தில் எனக்கு என்ன அனுபவம் என்று கேட்டார். வாழ்நாள் பூராவும் இரவில் மெத்தையைப் பார்த்ததே இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தூங்காதவருக்குத்தான் மெத்தையின் அருமை தெரியும் என்று சொல்லி அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். அவர் அப்படித்தான், எதிலும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்து அதை விற்றுவிடுவார். என் வேலை என்னவென்றால், வருகிறவர்களைப் "படுத்துப் பாருங்க" என்று சொல்வது. மெத்தை வாங்க வருகிறவர்கள் நின்றபடி கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்நிய மனிதர்கள் முன்னால் படுக்க எல்லாருக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் என் உத்தியோகம். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன். படுத்து எழுந்து செருப்பைத் தேடும்போது, இடுப்புக்கு எப்படி இருந்தது என்று கேட்பேன். அவர்கள் இடுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பிறகு மாமியார், மருமகள், வீட்டுக் கடன் என்று எல்லாமே வந்துவிடும். நான் கேட்டுக்கொண்டே நிற்பேன். எனக்கும் பொழுது போய்விடும்.

இனி அந்தச் சம்பவம். அன்றைக்குத் தள்ளுபடி விற்பனை. கடையில் காலை வைக்க இடமில்லை. ஜன்னல் ஓரமாக இருக்கும் பெரிய கட்டிலில் ஒரு குழந்தை ஏறிக் குதித்து விரிப்பைக் கலைத்துவிட்டுப் போயிருந்தது. விரிப்பின் மூலையை இழுத்துச் செருகுவதற்காகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது மட்டும்தான் நான் செய்தது. பக்கத்தில் ஒரு பெண் இரண்டு தலையணைகளைக் கையில் வைத்துக்கொண்டு எது உயரம் என்று கணவனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் முதலாளி யாரிடமோ இதற்குமேல் ஒரு பைசா குறைக்க முடியாது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஒரு குழந்தை அழுதது, யாரோ சிரித்தார்கள். எல்லாச் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்துக்குப் போயிற்று. கை கால் கனத்தது. கண் இருட்டியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. மயக்கம் என்றால் இப்படித்தான் வரும் என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். தங்கள் அலுவலக நண்பரின் அண்ணனையும் கேட்டுப் பாருங்கள்.

கண் விழித்தபோது நான் கட்டிலில் நேராகப் படுத்திருந்தேன். நெஞ்சு வரை ஒரு போர்வை. கண்ணாடி கண்ணில் இல்லை, பக்கத்து மேசையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. என் கால் பக்கம் முன்பின் தெரியாத ஒரு தம்பதி நின்று, ஏதோ கண்காட்சிக்கு வந்தவர்கள் மாதிரி என்னை ரசித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விஷயம் என்னவென்றால், நான் சுமார் ஒரு மணி நேரமாக அப்படிக் கிடந்திருக்கிறேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் நான் மெத்தையின் தரத்தை விளக்கிக் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடை ஆளே இப்படிச் சொக்கிப் போய்க் கிடக்கிறார் என்றால் சரக்கு நல்ல சரக்காகத்தான் இருக்கும் என்று அந்த ரகத்தில் இருந்ததையெல்லாம் வாங்கிவிட்டார்கள். முதலாளி என் நடிப்பைப் பாராட்டினார். அவருக்குச் சந்தோஷம். எனக்குத்தான், மாப்பிள்ளை, ஒன்று மனதை உறுத்தியது. இத்தனை பேர் நடமாடும் இடத்தில் ஒரு மனிதன் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்திருக்கிறான். உயிர் இருக்கிறதா என்று ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்த்ததெல்லாம் மெத்தையைத்தான்.

ஒரே ஒரு ஆள் கவனித்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. தலையணைப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். எல்லாரும் தலையணைக்காரம்மா என்போம். அதிகம் பேச மாட்டார். உறையை உதறி மாட்டுகிற வேகத்திலேயே அவர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தான் போர்வையைப் போர்த்தி, கண்ணாடியையும் கழற்றி வைத்திருக்கிறார். நான் நன்றி சொல்லப் போனேன்.

"கண்ணாடியோட தூங்குனா காது மடல் வலிக்கும் அண்ணா" என்றார்.

தூங்கினால். முதலாளி கேட்கும்படி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். ஆந்தை என்று மைக்கில் அழைக்கப்பட்டவனைப் பார்த்து. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தூக்கம் இல்லம்மா, மயக்கம்" என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மணி நேரம் மயங்கிக் கிடந்த கிழவனை வைத்து வியாபாரம் செய்திருக்கிறோம் என்ற பயத்தில், வேலைக்குச் சேரும்போது நான் கொடுத்திருந்த எண்ணைத் தேடி எடுத்து என் மகளைக் கூப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு தங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை என்னைவிடத் தாங்கள் நன்றாக அறிவீர்கள்.

மயக்கத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று தாங்கள் நினைக்கலாம். எனக்கு அதில் முன் அனுபவம் உண்டு. தங்கள் மாமியாரைக் கடைசியாக மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது ஒரு நாள் நர்ஸ் அவள் கையில் ஊசி ஏற்ற வந்தாள். நரம்பு அகப்படவில்லை. இரண்டாவது இடத்தில் குத்தினாள். ஒரு துளி ரத்தம் வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கொட்டாவி வந்தது, பிறகு உள்ளங்கை குளிர்ந்தது, பிறகு காதுக்குள் மோட்டார் ஓடியது, சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தால் நான் அவள் கட்டிலில் படுத்திருக்கிறேன். அவள் கையில் ஊசியோடு கீழே இறங்கி நின்று என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். "எனக்கு வலிச்சா நீங்க எதுக்கு விழறீங்க?" என்று கேட்டாள். வார்டு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அன்று மத்தியானம் வரை அந்தக் கட்டிலில் நான்தான் கிடந்தேன், அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாரிடமும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. ஆகவே மயக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு, கடையில் கொட்டாவி வந்ததா, வியர்த்ததா, காதுக்குள் மோட்டார் ஓடியதா என்று டாக்டர் கேட்டால், கொட்டாவி மட்டும் வந்தது என்று சொல்லவும்.

காரணம் என்ன என்று நானும் சும்மா இருக்கவில்லை, விசாரித்தேன். மருந்துக் கடைக்காரர், நான் போதுமான தண்ணீர் குடிப்பதில்லை என்றார். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றியவனிடம் இதைச் சொல்கிறார், என்ன செய்ய. முடி திருத்துகிறவர் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, கழுத்தில் ஒரு நரம்பு இருக்கிறது, காலர் இறுக்கிப் பிடித்தால் மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் பொத்தென்று விழுந்துவிடுவான் என்று பயமுறுத்தி, அவரே மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். மறுநாள் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மயக்கம் இன்னும் சுகமாக வந்தது. முதலாளி, குளிர்சாதனம்தான் காரணம் என்று அதைக் கொஞ்சம் குறைத்தார். வாடிக்கையாளர்கள் வியர்க்கிறது என்றதும் மறுபடி கூட்டிவிட்டார். இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மருந்துக் கடைக்குப் போனால் தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறார்கள். "பெரியவரே, இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். மயக்கம் வந்தவனுக்கு யாரைப் பார்த்தாலும் பேச ஒரு விஷயம் கையில் இருக்கிறது. நலமாக இருந்த காலத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு பேசியதில்லை.

முதலாளியின் கட்டாயத்தில் டாக்டரம்மாவிடமும் போனேன். சின்ன வயது, ஆனால் கெட்டிக்காரி. படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார், விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டதால் அங்கே விழவில்லை. ரொம்ப நேரம் நின்றீர்களா, சாப்பிடாமல் இருந்தீர்களா, திடீரென்று எழுந்தீர்களா, நெஞ்சு படபடத்ததா, ஏதாவது புது மாத்திரை போடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை விளக்கினேன். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சிவிடுகிறது, மிஞ்சியதை மறுநாள் தின்று, அது மிஞ்சி, என் சமையலறையில் எப்போதும் நேற்றுதான் நடந்துகொண்டிருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, இதயம் இளைஞனுக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு எவ்வளவு நேரம் மயங்கியிருந்தேன் என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்று பெருமையாகச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ஐயா, மயக்கம்னா ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ரெண்டு நிமிஷம். கீழ படுக்க வெச்சா தானா தெளிஞ்சிடும். ஒரு மணி நேரம் நினைவில்லாம இருந்தா உங்களை ஆம்புலன்ஸ்ல இல்ல கொண்டு வந்திருப்பாங்க. ராத்திரி நல்லா தூங்குறீங்களா?"

மெத்தைக் கடையில் வேலை பார்ப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது பதில் இல்லைதான். ஆனால் அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார்.

அதற்குப் பிறகும் சில தடவை வந்தது. மறைக்க விரும்பவில்லை. எப்போதும் கடையில்தான், எப்போதும் அந்த ஜன்னல் ஓரக் கட்டிலில்தான், எப்போதும் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில்தான். கூட்டம் இல்லாத நாளில் நான் கல் மாதிரி நிற்கிறேன். முதலாளி பயம் தெளிந்து, மயக்கத்திலும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்துவிட்டார். மத்தியானம் கூட்டம் சேர்ந்ததும், "பெரியவரே, விரிப்பு கலைஞ்சிருக்கு பாருங்க" என்பார். நான் உட்காருவேன். உட்கார்ந்தால் வந்துவிடும். கட்டிலின் கால்பக்கம் 'ஐந்து ஆண்டு உத்தரவாதம்' என்று ஒரு அட்டை மாட்டியிருக்கிறார். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் அதைப் படித்துவிட்டு, என் வயதுக்கு ஐந்து ஆண்டு கொஞ்சம் அதிகம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாராம். தலையணைக்காரம்மா சிரிக்காமல் சொன்னார். நான் குறட்டை விடுவதாகவும் அவர் சொல்கிறார். மயக்கத்தில் குறட்டை வராது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, மாப்பிள்ளை? இதையும் டாக்டரிடம் கேட்கவும். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

ஆக, இது பயப்படும்படியான மயக்கம் இல்லை. யாரையும் தொந்தரவு செய்யாத, நேரம் தவறாத, வியாபாரத்துக்கு உதவியான மயக்கம். வீட்டில் ஒரு தடவைகூட வந்ததில்லை. வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனதிலிருந்து தலைக்குமேல் நாற்காலி இழுக்கிற சத்தம்கூடக் கிடையாது. அப்படி ஒரு அமைதி. குழாயில் சொட்டுகிற தண்ணீரை வெளி வாசலில் நின்றே கேட்கலாம். இந்த அமைதிக்காக எத்தனை பேர் ஏங்குகிறார்கள். போன வாரம் யாரோ தவறான எண்ணில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் அவர்களிடம் நிம்மதியாக, எந்த இடையூறும் இல்லாமல் வெகுநேரம் பேச முடிந்தது. பாவம், அவர்கள்தான் கடைசியில் வைத்துவிட்டார்கள்.

தங்கள் வீட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது எனக்குத் தெரியாத வீடா? ஒரு அறை தங்களுக்கு, ஒரு அறை சம்பந்தியம்மாவுக்கு. நான் வந்தால் ஹாலில் அந்த மூன்று பேர் உட்காரும் சோபாவில்தான் கிடக்க வேண்டும். அங்கே டிவி நிற்பதே இல்லை. பெரியவன் பாடத்தைக் கத்திப் படிப்பான். சின்னவள் அவன் படிப்பதைத் தப்பாகத் திருப்பிச் சொல்வாள், அவன் அடிப்பான், அவள் அழுவாள், என் மகள் சமையலறையிலிருந்து இரண்டு பேரையும் அதட்டுவாள். சம்பந்தியம்மா தன் தங்கையிடம் போனில் பேசினால், போன் இல்லாமலே தங்கைக்குக் கேட்கும். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மரியாதையோடுதான் சொல்கிறேன். அந்தச் சந்தடியில் வயதானவன் ஒருவன் எப்படித் தூங்குவான்? அதுவும் தவிர, நாற்காலி போதாத வீட்டில் கூடுதலாக ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்ட மாதிரி இருக்க எனக்கு இஷ்டம் இல்லை. யாராவது வந்தால் எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கு என் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. ஆகவே தாங்கள் பக்குவமாகப் பேசி, ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்திவிட வேண்டும். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொன்னால் நம்ப மாட்டாள்.

பெரியவனுக்குக் கணக்கு வரட்டும், சின்னவளுக்கு விழுந்த பல் முளைக்கட்டும், சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தீரட்டும், தங்களுக்கு அந்த மேலதிகாரி மாற்றலாகிப் போகட்டும். என் மகளுக்கு என் ஆசீர்வாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது எப்போதும் அவளிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பூரண நலத்துடன் இருக்கும் தங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இதைத் தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை முடித்து உறையோடு இங்கே வந்தேன். இன்றைக்கு என்னவோ நல்ல கூட்டம். உறையை ஒட்டுவதற்காகப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் யாருடைய மருமகளையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், கவுண்டரில் ஒருவர் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தோளைத் தொட்டு ஒரு பெண் எழுப்பினாள். "ஐயா, தூங்கிட்டீங்க. உங்க பசை கன்னத்துல ஒட்டியிருக்கு" என்றாள். அவளுக்கு என் பட்டமும் தெரியாது, உத்தியோகமும் தெரியாது. அவளிடம் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆமாம்மா, தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். சொன்ன பிறகு மனது லேசாகிவிட்டது.

மேலே எழுதியதில் மருத்துவமனையில் விழுந்தது ஒன்றுதான் மயக்கம். மற்றதெல்லாம் தூக்கம். தாங்கள் டாக்டரிடம் எதையும் காட்ட வேண்டாம். வீட்டில் நான் தூங்கி வெகு நாளாகிறது. படுத்தால் கண் திறந்தே இருக்கிறது. இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் காரணம் புரிகிறது. இரவெல்லாம் வேலை பார்த்தவன் நான், ஆகவே வாழ்நாள் முழுக்கத் தூங்கியது பகலில். பகலில் வீடு சும்மா இருக்குமா? தங்கள் மாமியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பக்கத்து வீட்டோடு சண்டை போடுவாள், என் மகள் கூடத்தில் தோழிகளோடு பள்ளிக்கூடம் நடத்துவாள், நான் நடுவில் படுத்துக் கட்டை மாதிரி தூங்குவேன். பரீட்சை சமயத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு படித்தால் எனக்கு விழிப்புத் தட்டிவிடும். என்னம்மா, உடம்பு சரியில்லையா என்று எழுந்து போய்க் கேட்பேன். எனக்குத் தூக்கம் வருவது மெத்தையில் இல்லை, மனுஷச் சத்தத்தில். இதை மெத்தை விற்றுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த வீட்டில் எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது மாப்பிள்ளை. மேலே வேறு மாதிரி எழுதியிருக்கிறேன், அதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்த வேண்டாம். சீக்கிரமே வந்தாலும் சரிதான், நான் தயாராக இருப்பேன். எனக்கென்று அறை எதுவும் ஒழிக்க வேண்டாம், கட்டில் மெத்தை வாங்க வேண்டாம், ஹாலிலேயே ஒரு பாயைப் போட்டுக்கொள்கிறேன். என் மகளிடம் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லி வைக்கவும். நான் படுத்திருக்கும்போது, தாத்தா தூங்குறார், சத்தம் போடாதீங்க என்று அவள் குழந்தைகளை அதட்டக் கூடாது.